வெயிலில் மட்டும் வெளுத்த சட்டை

என் வீட்டுக்கு மேலே, ஐந்தாம் மாடி வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. டோக்கியோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். கட்டடமோ கிழடு, லிஃப்டும் கிடையாது. எவன் வந்து வாங்கப்போகிறான் என்று நிம்மதியாக இருந்தேன். தலைக்கு மேல் ஆள் இல்லாத சுகம் லேசில் கிடைக்குமா?

வாங்க வந்தவள் கயோகோ நுமாதா. அறுபதைத் தாண்டியவள், ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை. கூட வந்த தரகர் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, இவள் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாளாம், அலமாரிக்குள் தலையை விட்டுப் பூஞ்சை வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தாளாம். கடைசியில் அவரோடு வந்து என் மணியை அடித்தாள்.

"மேல ஆள் வந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமாங்க?"

"குதிக்காம நடந்தா இருக்காது" என்றேன். என் வாய் அப்படி.

அவள் தரகரிடம் திரும்பினாள். "வாங்கிட்டா யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்ல?"

"உங்க சொந்த வீட்டுல யாருங்க சொல்றது?" என்று அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. படியிறங்கும்போதும் அதையே கேட்டுக்கொண்டு போனாள்.

குடிவந்த அன்று வழக்கப்படி அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். கணவருக்கு ஒசாகாவில் வேலை, எப்போதாவதுதான் வருவார் என்றாள். வாசலில் பெரிய ஆண் செருப்பு, கொடியில் ஆண் சட்டை. ஒருநாள் காற்றில் அந்தச் சட்டை என் பால்கனியில் வந்து விழுந்தது. முப்பது வருஷம் ஒரு மனுஷனின் சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைத்தவள் நான். இந்தக் காலரில் பொட்டு அழுக்கில்லை, முழங்கையில் ஒரு சுருக்கமில்லை. வெயிலில் மட்டும் வெளுத்திருந்தது.

"இந்தாங்க. உங்க சாருக்கு வேர்க்கவே வேர்க்காது போல" என்று கொடுத்தேன். அவள் முகம் செத்துப்போனது. சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த வாரம் கீழ்வீட்டு ஹமானோ கிழவர் அவளைப் படியில் மடக்கினார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து புல் வெட்டுறோம். சைக்கிள் கொட்டகைப் பக்கம் வேலி மரம் உசந்துபோச்சு. உங்க சார் வந்திருக்காரே, கொடியில சட்டை பார்த்தேன். அவரை அனுப்புங்க. எங்களுக்கெல்லாம் இடுப்பு போச்சு."

சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அக்கா, எனக்குக் கணவர் கிடையாது."

"தெரியும்."

"சின்ன வயசுல திருடனுக்குப் பயந்து, வீட்டுல ஆம்பளை இருக்கிற மாதிரி சட்டை தொங்கவிட்டேன். இப்ப மனுஷங்களுக்குப் பயந்து. வாடகைக்குப் போன இடத்துலல்லாம், தனிக்கட்டை, வயசாச்சு, உள்ளயே செத்துக் கிடந்தா யார் பாக்குறதுன்னு கையை விரிச்சுட்டாங்க. இங்கயும் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன? பத்திரம் உங்க பேர்லதான இருக்கு?"

"இருக்கு. மனசுதான் நம்ப மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாசமாக மேலே ஒரு சத்தமும் இல்லை. நான் ஏதோ வாய்த்துடுக்காகச் சொன்னதற்கு, சொந்த வீட்டில் நுனிக்காலில் நடந்திருக்கிறாள்.

ஞாயிறு காலை அந்தச் சட்டையைப் போட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"சார் எங்கம்மா?" என்றார் ஹமானோ.

"அப்படி யாரும் இல்லீங்க. நான் தனியாத்தான் இருக்கேன். ஏணியைக் குடுங்க."

கிழவர் அவளையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏணியைச் சாத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாத்து ஏறுங்க. நீங்க விழுந்து வச்சா அடுத்த வருஷம் யாரு வெட்டுறது?"

அவள் ஏறி வெட்ட ஆரம்பித்தாள். வேர்வையில் காலர் நனைந்து, முதுகெல்லாம் இலைக்கறை. நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று சொன்னாள், நாங்களும் தூசி என்றே வைத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் என் தலைக்கு மேல் திம் திம்மென்று காலடிச் சத்தம். சமையற்கட்டிலிருந்து பால்கனிக்கு, பால்கனியிலிருந்து சமையற்கட்டுக்கு. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.