ரத்தம் நிற்கும் வரை

நஸ்ரீனின் அழைப்பு வந்தபோது நான் காப்பாரில், ஒரு கட்டுமானத் தளத்தில், லோரியிலிருந்து இறங்கிய கான்கிரீட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் மனைவி தேவிகா நடத்திவந்த குழந்தைகள் பல் மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்த மருத்துவர் நஸ்ரீன். "அண்ணே, தேவிகா கீழ விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம், நேரா அங்க வந்துடுங்க" என்றார். பின்னணியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. லோரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பாஸ், ஓகேவா? ஊத்தலாமா?" என்றார். "ஓகே" என்றேன். பாதி வழியில், நெரிசலில் நின்றிருந்தபோது, மறுபடி அழைப்பு. இம்முறை நஸ்ரீனால் பேச முடியவில்லை. இதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் அந்த 'ஓகே'யே பதிலாக வந்தது. சுடுகாட்டிலும் அதையேதான் சொன்னேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவளிடம் பிள்ளையின் பல்லைக் காட்ட வந்தவர்கள். சிலர் அவளுடன் படித்தவர்கள். உங்களுக்குத் தெரியாத தேவிகாவை நான் சொல்லிவிடப் போவதில்லை. தெரிந்தவளையே சொல்கிறேன்.

எங்கள் அறிமுகமே சிமெண்டில்தான் தொடங்கியது. நண்பன் ஒருவனிடம் என் எண்ணை வாங்கி, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அழைத்தாள். "ஹலோ, சிமெண்ட் இன்ஜினியரா? தண்ணி சேர்த்து மூணு மணி நேரம் ஆகியும் ஒரு சிமெண்ட் இறுகலன்னா என்ன பண்ணுவீங்க?" எவ்வளவு பெரிய தளம் என்று கேட்டேன். "ஒரு பாப்பாவோட கடவாய்ப் பல்லு" என்றாள். சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க லா. உங்க கிரேன் வர முடியாத இடத்துல நான் வீடு கட்டுறேன்."

பால் பல்லில் சொத்தை ஆழமாகி, நாம் நரம்பு என்று சொல்லும் பற்கூழைத் தொட்டுவிட்டால், கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் எடுத்துவிடுவார்கள். வேரில் மிச்சமிருக்கும் உயிருள்ள சதையின் மேல் ஒரு பொருளை வைத்து மூடி, அதற்கு மேல் ஸ்டீல் தொப்பி மாட்டுவார்கள். எந்தப் பொருளை வைப்பது என்பதுதான் அவள் வாழ்க்கையின் ஓயாத கேள்வி. சதையைப் பதப்படுத்தி அப்படியே வைத்துவிடும், காட்டமான வாடையடிக்கும் பழைய மருந்து ஒன்று உண்டு. ரத்தத்தை உடனே கட்டிவிடும் பழுப்பு நீர் உண்டு. எங்கள் கட்டடச் சிமெண்டின் நெருங்கிய உறவான எம்.டி.ஏ. என்ற தூள் உண்டு. சீக்கிரம் இறுகும் புதிய வெள்ளைச் சிமெண்டும் வந்துவிட்டது. தான் சிகிச்சை செய்த பற்களின் எக்ஸ்ரேக்களை, எது நன்றாக இருக்கிறது என்று சார்பில்லாமல் பார்த்துச் சொல்ல, அவள் நஸ்ரீனிடம் கொடுப்பாள். எதில் எது இருக்கிறது என்று சொல்லவே மாட்டாள். நஸ்ரீன் கெஞ்சினாலும் சொல்லமாட்டாள்.

நான் ஒரு நாள் சாப்பிடும்போது, "கடைசியில எதுதான் ஸ்ட்ராங்?" என்று கேட்டேன்.

"பாலம் கட்டுற புத்தி உங்களை விட்டுப் போகாது" என்றாள். "அது விழப் போற பல்லு. அடியில பெரிய பல்லு வர்ற வரைக்கும் அது வலிக்காம, உயிரோட இருந்தாப் போதும். நூறு வருஷம் நிக்கணும்னு அதுக்கு ஆசை இல்ல."

எம்.டி.ஏ. தூள் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும் என்று நான் என் சோதனைக் கூடத்திலிருந்து ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். திருமணத்துக்கு முன் நான் அவளுக்குக் கொடுத்த முதல் பரிசு அதுதான். தோழிகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு சாயங்காலம் அவளை அழைத்துவரப் போய், சிகிச்சை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கிள்ளானில் சேலைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவர் கணவரும் மகனைக் கூட்டி வந்திருந்தார்கள். தேவிகா பையனின் பல்லுக்குள் ஈரப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அழுதார். "என் தப்புதான் டாக்டர், வேலைக்குப் போற அவசரத்துல புட்டியில டீ ஊத்திக் கொடுத்துட்டேன்." கணவர் உடனே, "நான் அப்பவே சொன்னேன்ல? கேட்டியா நீ?" என்று ஆரம்பித்தார்.

தேவிகா தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அண்ணே, ரத்தம் நிக்கிற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் யாரையும் திட்டக் கூடாது."

"நின்னதுக்கு அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தொப்பி மாட்டுற வேலை இருக்கு. உங்களுக்குத் தம்பிக்கு ஸ்டிக்கர் பொறுக்கித் தர்ற வேலை இருக்கு. திட்ட யாருக்கு நேரம்?"

அந்த மனிதரே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினாள். பஞ்சை அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் வேரில் உள்ள சதையும் கெட்டிருக்கிறது என்று பொருள். அப்போது எந்தச் சிமெண்ட் வைத்தும் பயனில்லை. "அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாத்தையும் சொல்லும். அதுல போய் சண்டை போட்டா நான் எப்படிப் பார்க்கிறது?" அது அந்த அறையின் சட்டமாகவே ஆகிவிட்டது. உங்களில் சிலரும் அதற்குக் கட்டுப்பட்டு நின்றிருப்பீர்கள்.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது.

எங்கள் மகள் பவிக்குத் தினமும் அவள்தான் பல் துலக்கிவிடுவாள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. அவள் போன பிறகு பவி என்னை வாயருகே விடவில்லை. "அம்மா மட்டும்தான்" என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். துக்கம் கேட்க வந்த நீங்கள் அன்போடு கொண்டுவந்த மிலோவையும் பிஸ்கட்டையும் அவள் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. இனிப்பு வாயில் இருக்கும்போது அவள் அழவில்லை, அதனால் கொடுத்தேன். கடவாய்ப் பல்லில் பழுப்புப் புள்ளி தெரிந்தபோது அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அது குழியானபோதும் தெரியும். வலிக்கிறது என்று பவி கன்னத்தைப் பிடித்தபோது அவளை நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட்டிப் போகவில்லை. தேவிகாவின் மகள் சொத்தைப் பல்லோடு தேவிகாவின் நாற்காலியில் உட்காருவதை அங்கே யாரும் பார்க்கக் கூடாது என்று, எங்களைத் தெரியாதவர்களைத் தேடி செராஸுக்குப் போனேன்.

செராஸ் மருத்துவர் தமிழர், நல்ல மனிதர். பவி நாற்காலியில் ஏறி, சொல்லாமலே வாயை அகலத் திறந்து, நாக்கை ஒதுக்கிக் காட்டினாள். "எக்ஸ்ரே எடுக்கலையா அங்கிள்?" என்றாள். அவர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். "வீட்டுல யாராச்சும் பல் டாக்டரா?"

"இல்லை" என்றேன்.

பவி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு அவர் பல்லை எடுத்துவிடலாம் என்றார். சிகிச்சை செய்தும் பார்க்கலாம், ஆனால் அதற்குக் குழந்தைகள் மருத்துவரிடம் போவது நல்லது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பவிதான் பேசினாள். "எங்கம்மா எடுக்க மாட்டாங்க. எங்கம்மா சிமெண்ட் வைப்பாங்க." பிறகு என்னிடம், மெதுவாக, "அம்மா டாக்டர்தானே அப்பா?"

அங்கிருந்து நேராக பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஓட்டினேன். நஸ்ரீன் பவியைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு பவி, "அப்பா, என் கன்னம் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

"எதை வைப்பீங்க?" என்று கேட்டேன். "தேவிகாவா இருந்தா எதை வைப்பா?"

"ரத்தம் நிக்கட்டும் அண்ணே. அதுக்கப்புறம்தான் அந்தப் பேச்சு."

ஈரப் பஞ்சை உள்ளே வைத்து அழுத்தினார். என்னால் அடக்க முடியவில்லை. "என் தப்புதான் நஸ்ரீன். பார்த்துக்கிட்டே இருந்தேன். எல்லாம் தெரிஞ்சும் விட்டுட்டேன். செராஸ்ல போய் அவ யாருன்னுகூடச் சொல்லாம..."

நஸ்ரீன் தலையைத் திருப்பவில்லை. "அண்ணே. ரத்தம் இன்னும் நிக்கல."

வாயை மூடிக்கொண்டேன். பவி திறந்த வாயோடு கையை மட்டும் நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நஸ்ரீன் பஞ்சை எடுத்துப் பார்த்தார். "நின்னுடுச்சு" என்றார். அலமாரியிலிருந்து எம்.டி.ஏ. டப்பாவை எடுத்தார். "இதை வெச்சா பல்லு கருத்துடும். கருத்தா என்ன, மேல தொப்பி வரப் போகுது." மூடியைத் திறந்தபோது உள்ளே என் பொட்டலம் கிடந்தது. நான் முதலில் கொடுத்ததாக இருக்காது. தீரத் தீர அவள் என் பையிலிருந்து புதிதாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். தூள் உலர்ந்து, நன்றாகவே இருந்தது.

இப்போது பவிக்குக் கடவாயில் ஒரு வெள்ளி நிறத் தொப்பி. பள்ளியில் எல்லோருக்கும் காட்டுகிறாள். யார் வைத்தது என்று கேட்டால், "எங்கம்மா ரூம்ல வெச்சது" என்கிறாள். அந்த விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டால் என்னைத் துலக்கிவிட விடுகிறாள். "அம்மா இந்தப் பக்கமும் தேய்ப்பாங்க" என்று திருத்துகிறாள்.

செராஸில் சொன்ன அந்த 'இல்லை'யை நினைக்கும்போது இன்னும் வெட்கமாக இருக்கிறது. அது போகும் என்றும் தோன்றவில்லை. தேவிகாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அறையின் சட்டம்தான். நான் அவளுக்காக இதுவரை அழவில்லை. அதற்காக என்னைத் திட்டிக்கொள்ள வாயெடுக்கும்போதெல்லாம், தலையைத் திருப்பாமல் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் அவள் கை தெரிகிறது. பேசாமல் நிற்கிறேன்.