முப்பத்தேழாவது வரிசை

பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் தட்டச்சு செய்தவரை எல்லோரும் டைப்பிங் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்த பேராசிரியர்களும் அப்படித்தான். இருபத்திரண்டு வருடங்களாக ஆய்வேடுகள் அடித்துக் கொடுத்தவர்.

ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. அறிவியல் ஆய்வேடுகள் இனி லேடெக்கில்தான் இருக்க வேண்டுமாம். கட்டளைகளை எழுத்தில் அடித்தால் பக்கத்தைத் தானே அமைத்துத் தரும் மென்பொருள் அது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"இதெல்லாம் படிச்சவங்க வேலை, அக்கா. நாம விசிட்டிங் கார்டு அடிச்சுப் பொழைச்சுக்கலாம்."

"பன்னெண்டாவது முடிச்ச நானும் படிச்சவதான்" என்றார் அக்கா.

விடியற்காலையில் சமையலறை மேசையில், நறுக்கிய வெங்காயத்துக்குப் பக்கத்தில் மகளின் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு பழகினார். தலைப்புகளும் பத்திகளும் ஒரு வாரத்தில் கைவந்தன. அட்டவணைதான் தண்ணி காட்டியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு & குறி, வரிசை முடிவில் இரண்டு சாய்கோடு. எல்லாம் சரியாகப் போட்டும் முதல் அட்டவணை தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடியது.

பஸ் மெக்கானிக்கான கணவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாதி பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சே!"

"இழுத்துட்டு வரத்தானே உக்காந்திருக்கேன்."

எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தார். நெடுக்குக் கோடுகளை எடுத்தார். கடைசியில் பக்கத்தையே படுக்கவைத்தார். ஒன்பதாம் நாள் அட்டவணை அடங்கியது.

முதல் வேலையைக் கொண்டுவந்தவர் ரத்தச் சோகை பற்றி ஆய்வு செய்த ஒரு நர்ஸ். அறுபது நோயாளிகள், ஆளுக்கு எட்டு எண்கள். நர்ஸ் தந்த கோப்பில் காற்புள்ளியால் பிரித்திருந்த எண்களை எடுத்து, காற்புள்ளி வந்த இடமெல்லாம் கட்டம் பிரித்து ஓட்டியதும், முப்பத்தேழாவது வரிசையில் ஒரு கட்டம் கூடுதல் என்று பிழை காட்டியது.

"கடைசி எண்ணை அழிச்சிருங்கக்கா. மூணு மணிக்குள்ள குடுக்கணும்."

"எது கூடுதல்னு தெரியாம எப்படிம்மா அழிக்கிறது?"

"அறுபதுல ஒண்ணு. யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே."

நர்ஸின் முகம் சிவந்தது. முணுமுணுத்துக்கொண்டே வார்டுக்குப் போன் செய்தார். அங்கிருந்த தோழி பதிவேட்டைப் பார்த்து வாசித்தாள்: ஏழு புள்ளி நாலு. கோப்பில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி விழுந்ததால் அது ஏழு, நாலு என்று இரண்டு கட்டங்களாகப் பிளந்திருந்தது. கடைசி எண்ணை அழித்திருந்தால் மிச்ச எண்களெல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

நர்ஸ் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அக்கா... பன்னெண்டாவது வரிசையிலயும் இப்படி ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. போன மாசம் நானே அழிச்சேன்."

அக்கா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நர்ஸ் தன் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். திட்டும் விழுந்தது, இரண்டு நாள் அவகாசமும் கிடைத்தது. பதிவேட்டின் நகலை வரவழைத்து ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க, நானூற்று எண்பது எண்களையும் பார்த்தார்கள். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. சராசரி மாறியது. முடிவுரையின் ஒரு பக்கத்தை நர்ஸ் அழித்து எழுதினார்.

ஆய்வேடு ஏற்கப்பட்டது. அந்த மாதத்திலேயே நர்ஸ் அனுப்பினார் என்று மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். மூவரிடமும் அக்கா முதலில் கேட்டது ஒன்றுதான்: "மூலப் பதிவேடு கொண்டு வந்திருக்கீங்களா?"