ஒச்சாயிக்கு ஒரு ‘ர்’

ஒச்சாயி பிறந்த அன்று மருத்துவச்சி “பொட்டப்புள்ள” என்று சொன்னாளாம். அதுவரை வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, தலையைத் தூக்கித் தானே ஒருமுறை குனிந்து பார்த்து, சரிதான் என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கியதாம். கருமாத்தூர்ப் பக்கம் இதைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் அவளோடு ஒருமுறை கடைக்குப் போய்வந்தால் போதும். தராசைப் பார்க்கமாட்டாள். கடைக்காரர் முகத்தைத்தான் பார்ப்பாள். அவர் கண் சிமிட்டினால் கத்தரிக்காயை வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

பெண் பார்க்க வந்த பேயாண்டியைத் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னவள் அவள். கால் நொண்டியோ என்று சந்தேகம். நொண்டி இல்லை என்று தெரிந்ததும், அப்படியென்றால் இத்தனை நாளாக ஏன் பெண் கிடைக்கவில்லை என்று அடுத்த சந்தேகம் வந்தது. கல்யாணமாகி இருபது வருடம் ஆகியும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. பேயாண்டியும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

எழுபத்தைந்தில் கப்பலூரில் ஓர் ஆணிக் கம்பெனி திறந்தார்கள். மிசினில் ஒரு பக்கம் கம்பிச் சுருள் போகும், மறுபக்கம் ஆணி கொட்டும். வளைந்த ஆணிகளைப் பொறுக்கித் தனியே போடுகிற வேலைக்கு ஒச்சாயி சேர்ந்தாள். மிசின் ஓட்டியவர் காளை என்பவர். தன்மேல் உள்ள ஏதோ கோபத்தில் அவர் வேண்டுமென்றே வளைந்த ஆணியாக விடுகிறார் என்று ஒச்சாயிக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று மூன்று வருடம் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் காளை அகப்படவில்லை, தொழில் அகப்பட்டுவிட்டது. கம்பியை எந்த இறுக்கத்தில் விடவேண்டும், கட்டர் மழுங்கினால் சத்தம் எப்படி மாறும் என்பதெல்லாம் அவள் காதுக்குள் ஏறிவிட்டது.

எழுபத்தெட்டில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போன காளை, அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் கழிந்தும் வரவில்லை. ஒச்சாயி மிசினை ஓட்டினாள். முதலாளி ஒரு கை ஆணியை அள்ளிப் பார்த்தார். ஒன்றுகூட வளையவில்லை.

“சரி, நீயே நில்லு” என்றார்.

அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் மிசின் அவளுடையது. மற்ற மூன்று மிசின்களில் ஆண்கள் நின்றார்கள்.

ஐந்து வருடம் போயிற்று. எண்பத்து மூன்று ஐப்பசியில் முதலாளி எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்தார்.

“தை மாசம் ரெண்டு புது மிசின் வருது. பழசு நாலையும் குடுத்துறப்போறேன். ரெண்டு மிசின், ரெண்டு ஷிப்டு, நாலு ஆளு. மதுரையில பதினஞ்சு நாளு பயிற்சி. யாரு என்ன வேலை செய்யுறாகன்னு தொழில் ஆபீசுலருந்து படிவம் கேட்டுருக்காக. மிசின் ஓட்டுறவுகன்னு எழுதிப் போற நாலு பேருக்குத்தான் பயிற்சி. பயிற்சி இல்லாதவுக புது மிசினைத் தொடக்கூடாது.”

நாலு மிசின், நாலு பேர், நாலு இடம். கணக்கு இவ்வளவு சரியாக இருந்ததுதான் ஒச்சாயிக்கு உறுத்தியது. முதலாளியின் மச்சினன் ஒருவர் பத்து நாளாகக் கம்பெனிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, மூன்றாம் நம்பர் மிசினையே பார்த்துக்கொண்டு நின்றதும் ஞாபகத்துக்கு வந்தது.

படிவங்களை நிரப்புகிற பொறுப்பு முத்திருளனுக்கு. கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். புலவர் பரீட்சை தேறி, தமிழாசிரியர் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டு, கூப்பிடும்வரை இருக்கலாம் என்று வந்தவர். முப்பது வயதுதான், ஆனாலும் எல்லாருக்கும் அவர் புலவர். ‘லீவு வேணும்’ என்று கேட்டால் தரமாட்டார், ‘விடுப்பு வேண்டும்’ என்றால் இரண்டு நாள் சேர்த்தே தருவார்.

ஆளுக்கு ஒரு தாள். முதலில் மொக்கைச்சாமிக்கு எழுதி முடித்தார். இரண்டாம் நம்பர் மிசின்காரர் அவர். அடுத்து ஒச்சாயி போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“பெயர் ஒச்சாயி. வயது?”

“முப்பத்தெட்டுன்னு போடுங்க.”

“பால், பெண். பணி, பொறுக்குபவள்.”

பேனா இறங்குவதற்குள் ஒச்சாயியின் உள்ளங்கை தாளின்மேல் விழுந்தது.

“யாரு பொறுக்குறது?”

“நீங்கதான் அக்கா.”

“மூணாம் நம்பர்ல அஞ்சு வருசமா நிக்கிறது யாரு, எங்க சின்னாத்தாளா?”

முத்திருளன் தாளைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். இயந்திரம் இயக்குபவன். பழுது நீக்குபவன். பொறுக்குபவள். சலிப்பவள். கூட்டுபவள்.

“பாத்தீங்களா, இயக்குபவன். ஆண்பால். நீங்க பெண்பால். பெண்ணுக்கு நேரே இயக்குபவன்னு எழுதுனா பால்வழு.”

“வழுன்னா?”

“இலக்கணப் பிழை.”

“எலக்கணத்துக்காகவா எம் மிசினைப் புடுங்குறீக?”

முத்திருளன் பேனாவை மூடி யோசித்தார். “ஒரு வழி இருக்கு. இயக்குபவன்னே போட்டுறலாம். பால்னு இருக்கற எடத்துல ‘ஆண்’னு மாத்திட்டா பிழை இல்லை.”

அவர் கேலி செய்யவில்லை. இலக்கணத்தில் அவருக்குக் கேலி கிடையாது. பின்னால் நின்ற மொக்கைச்சாமிக்கு அப்படி இல்லை.

“வாங்க மாப்ள” என்றார்.

“சும்மா இருண்ணே.” ஒச்சாயி புலவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பேப்பர்ல ஆம்பள, நேர்ல பொம்பளன்னு சொல்லி அங்கன வச்சு என்னைய வெளிய போகச் சொல்றதுக்கா? யாரு தம்பி சொல்லிக்குடுத்தா இத?”

“யாரும் சொல்லலை அக்கா.”

“எம் பேப்பரை எழுதாம வையிங்க. நாளைக்கு வாரேன்.”

“நாளைக்குச் சாயங்காலம் அனுப்பியாகணும்.”

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி முதலாளி, மச்சினன், புலவர் மூன்று பேரையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டாள். ஒவ்வொருவருக்கும் காரணம் சரியாகவே பொருந்தியது. மொக்கைச்சாமி ‘மாப்ள’ என்று சொன்னதில்கூட ஏதோ உள்ளர்த்தம் இருப்பதாகப் பட்டது. பேயாண்டியிடம் சொன்னாள். அவர், “ஆம்பளன்னு போட்டா நாளையிலருந்து சோறு நான் ஆக்கணுமா?” என்று கேட்டார். அவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் தூக்குவாளியோடு பக்கத்துக் கம்பெனிக்குப் போனாள். அங்கே டப்பாவுக்கு மூடி அடிக்கிறார்கள். சிநேகிதி செல்லக்கிளி அங்கே வேலை செய்தாள், ஒன்பதாம் வகுப்பு படித்தவள். அங்கேயும் அதே ஆபீஸிலிருந்து அதே படிவம் வந்திருந்தது, தபாலில் வந்தபடியே. செல்லக்கிளி மிச்சமிருந்த தாள் ஒன்றை எடுத்து வாசித்தாள். இயக்குபவர். பழுது நீக்குபவர். பொறுக்குபவர். சலிப்பவர். கூட்டுபவர்.

“எல்லாத்துக்கும் ‘ர்’ருதான் போட்டுருக்கு” என்றாள்.

ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் சில்லென்றது. சந்தேகம் நிஜமாகும்போது வருகிற குளிர்ச்சி.

“எங்க கம்பெனிக்கு வாரதுக்குள்ள எவனோ எழுத்தை மாத்திட்டான்டி.”

“விடு. இயக்குபவள்னு புதுசா ஒரு வரி போடச் சொல்லு. பொம்பள மிசின் ஓட்டுறான்னு மேல இருக்கவுகளுக்குத் தெரியட்டும். ‘ர்’ருக்குள்ள எதுக்குப் போயி ஒளியணும்?”

“ஒளியல. தனியா எழுதுனா தனியா எடுத்து வைப்பாக. கல்யாண வீட்டுல பொம்பளைகளுக்குத் தனிப் பந்தின்னா அது எத்தனாவது பந்தி, சொல்லு.”

“இப்புடியே போனா பொம்பளைங்கிறதே தெரியாமப் போயிரும்.”

“அதுக்குத்தான் பால்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல பெருசா பெண்ணுன்னு போட்டுக்கிறேன். வேலையிலயும் எதுக்கு இன்னொருக்கா?”

“எனக்கு என்னமோ நீ சொல்றது பிடிக்கல” என்றாள் செல்லக்கிளி. சேர்ந்து உட்கார்ந்தவர்கள் தனித்தனியாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். ஆனாலும் தாளைத் தர அவள் மறுக்கவில்லை.

அதை மடியில் செருகிக்கொண்டு வந்து ஒச்சாயி புலவரின் மேசையில் விரித்தாள்.

“அங்கன ‘ர்’ரு. இங்கன ‘ன்’னும் ‘ள்’ளும். முதலாளி மாத்தச் சொன்னாரா, மச்சினனா?”

முத்திருளன் தாளைப் பார்த்தார். பிடிபட்ட முகம் அல்ல அது. பெருமைப்பட்ட முகம்.

“நான்தான் திருத்தினேன். ஆளுக்கு ஒரு தாள். ஒரு தாளுக்கு ஒரு ஆள். ஒருத்தருக்குப் பலர்பால் எப்படி வரும்? ஆபீஸ்ல தப்பு விட்டா நாமளும் விடணுமா? படி எடுக்க ஸ்டென்சில் வெட்டும்போது சரிபண்ணிட்டேன். இயக்குறது ஆண், பொறுக்குறது பெண்ணுன்னு நினைச்சு எழுதுனேன்.”

ஒச்சாயி அதைப் பாதி நம்பினாள். மீதிப் பாதிக்காக, கம்பெனித் தாளைக் கையில் எடுத்து, நேற்றுப் படிக்காமல் விட்ட அடி வரிவரை விரலை நகர்த்தினாள். விரல் கடைசி வரியில் நின்றது.

“க-ண-க்-கு எ-ழு-து-ப-வ-ர். இது யாரு?”

“நான்தான்.”

“நீங்க எத்தன பேரு தம்பி?”

முத்திருளன் தாளை அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தார்.

“அது வழுவமைதி அக்கா. பிழைதான். ஆனா உயர்வு கருதி வந்தா இலக்கணம் ஏத்துக்கும்.”

“உசந்தவுகளுக்குன்னா ஏத்துக்கிருமா?”

“ஆமா.”

“அப்ப நீங்க உசத்தி. நாங்க எலக்கணம். நான் உங்கள நீன்னு சொன்னேனா? வயசுல சின்னவுகளா இருந்தும் போட்டுருக்கீக, சொல்றீகன்னுதான பேசுறேன்.”

பானையில் தண்ணீர் மோந்துகொண்டிருந்த மொக்கைச்சாமி டம்ளரை வைத்தார்.

“புலவரே, எனக்கு என்ன போட்டீக?”

“இயக்குபவன்.”

“எங்க மாமனார் முரட்டு ஆளு. அவரே என்னைய ‘வாங்க’ன்னுதான் கூப்புடுவாரு. எட்டு வருசமா கம்பி தள்ளுறேன், உங்க பேப்பர்ல நான் அவனா?”

இதை அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுப் போய் இரண்டாம் நம்பர் மிசினை நிறுத்தினார். அடுத்து ஒன்றாம் நம்பர் நின்றது, நாலாம் நம்பர் நின்றது; மூன்றாம் நம்பர், ஒச்சாயி இங்கே நின்றதால் முன்பே நின்றிருந்தது. அந்தக் கம்பெனியில் பகலில் நாலு மிசினும் ஒன்றாக நின்றதே கிடையாது. அன்று விழுந்த நிசப்தத்தில் நெடுஞ்சாலையில் போன லாரிக்காரர்கள் தங்கள் எஞ்சின்தான் கெட்டுவிட்டதோ என்று இறங்கிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

முதலாளி வெளியே வந்தார். “என்ன, கரண்டு போயிருச்சா?”

முத்திருளன் வழுவையும் வழுவமைதியையும் விளக்கினார். முதலாளி பாதியில் கையமர்த்தினார்.

“ஒத்தை எழுத்துக்கா மிசின் நிக்குது? கேக்குறதப் போட்டுத் தொலைங்கய்யா.”

ஒச்சாயி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றம் தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் இருந்ததுவும் நல்லதாகப் படவில்லை. மச்சினன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் எதற்காக வந்துகொண்டிருந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“அக்கா, இயக்குபவள்னு எழுதிடுறேன். அதுல பிழையே இல்லை” என்று முத்திருளன் கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தார்.

“வேணாம். அண்ணனுக்கு எதுவோ அதுதான் எனக்கும்.”

முப்பத்தொரு தாள். ‘ன்’களும் ‘ள்’களும் ஒவ்வொன்றாக அடிபட்டு ‘ர்’ ஆயின. ஒவ்வோர் எழுத்துக்கும் முத்திருளன் தன் பல்லில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல முகத்தைச் சுளித்தார். ஒச்சாயி பக்கத்திலேயே நின்று எண்ணினாள். ஆணியை மெருகேற்றும் மரத்தூளைச் சலிக்கிற அழகம்மாள் மட்டும் தன் தாளைத் திருத்த விடவில்லை.

“எனக்கு ‘ள்’ளே இருக்கட்டும். பலருன்னு போட்டுட்டு ரெண்டாள் வேலை சொல்லுவாக.”

ஒச்சாயிக்கு அது தோன்றாமல் போனது. கொஞ்சநேரம் அழகம்மாளை மரியாதையோடு பார்த்தாள். ஆனாலும் தன் தாளில் ‘ர்’ரை விடவில்லை. பால் என்ற கட்டத்தில் தானே பேனாவை வாங்கி ‘பெண்’ என்று எழுதினாள். எழுத்துப் பெரிதாகி வயதையும் மறைத்தது.

வழியில் யாராவது திரும்ப ஸ்டென்சில் வெட்டிவிட்டால்? அன்று சாயங்காலம் முத்திருளனோடு அதே பஸ்ஸில் மதுரைக்குப் போனாள். தாள்கட்டை அவர் மடியில் வைத்திருந்தார், அவள் அவர் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆபீஸில் ஒருவர் தாள்களை வாங்கி முத்திரை குத்தினார்.

“அடிச்சுத் திருத்துனதுக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா” என்றாள் ஒச்சாயி.

“நீங்க யாரும்மா?”

“இயக்குபவர்.”

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மார்கழி பாதியில் பட்டியல் வந்தது. முத்திருளன் வாசித்தார். நாலு பெயரில் இரண்டாவது, ஒச்சாயி. அவள் நம்பவில்லை. மொக்கைச்சாமியை வாசிக்கச் சொன்னாள். பிறகு பக்கத்துக் கம்பெனிக்கு எடுத்துப்போய்ச் செல்லக்கிளியை வாசிக்கச் சொன்னாள். செல்லக்கிளி வாசித்துவிட்டு, “பொம்பளன்னு எங்கயும் போடல பாரு” என்றாள். அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டு திரும்பியவள், தாளை வெயிலில் பிடித்து, சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

“இப்பவாவது நம்புறீகளா அக்கா?” என்று கேட்டார் முத்திருளன். அவருக்கும் அவளுடைய ‘றீக’ ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒச்சாயி தாளை நாலாக மடித்தாள்.

“பதினஞ்சு நாளு போயிட்டு வந்து, புது மிசின்ல எங்கையால கம்பியை விட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். காலையில மொதப் பஸ்ஸு எத்தன மணிக்கு?”

“ஆறே கால்.”

அவள் அதை மொக்கைச்சாமியிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.