துரை பாராட்டிய ஆங்கிலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள ராகலையில் ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்புக்குப் போனேன். "உங்கள் நிலை புரிகிறது, ஆனாலும் இதை ஏற்க முடியாது" என்பது போல, சண்டையில்லாமல் பேச உதவும் வாக்கியங்களை அங்கே மனப்பாடம் செய்தேன்.

ஒருநாள் பறித்த கொழுந்து குறைந்ததென்று, வேலை வாங்கும் கங்காணி என் அம்மாவின் மண்டையைக் கம்பால் உடைத்தான். இரத்தம் வழிய அம்மாவைத் தோட்டத்து ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அந்த வாக்கியங்களைப் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரை சிரித்தார். "நல்லா இங்கிலீஷ் பேசுறியே, எங்க படிச்ச?"

அம்மாவை அவர் பார்க்கவேயில்லை. எனக்குக் கண்மண் தெரியவில்லை. மேசையில் காகிதங்களின் மேலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து, அவர் பக்கத்து ஜன்னலில் வீசினேன். "அடிச்சவன இப்பவே கூப்பிடுங்க!" என்று தமிழில் கத்தினேன்.

கண்ணாடி சிதறி அவர் கன்னம் கிழிந்தது. எங்களைப் போல லயத்து வீடுகளில் வாழும் தொழிலாளர்கள் நின்றே பேசும் அந்த ஆபீசில், துரை அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.