கஸ்தூரியின் ஹெட்லைட் பல்பு

செங்கம் ரோட்டில் என் வீட்டு முன்பக்கம் இரண்டு கடைகள். ஒன்றில் என் பழைய சாமான்களைப் போட்டு வைத்திருந்தேன். மற்றதில் சக்கரவர்த்தி பன்னிரண்டு வருஷம் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தான். 2003 ஆடி மாதம் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. கடைக்குள் உட்கார்ந்து மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி கஸ்தூரி, காரியம் முடிந்த அடுத்த வாரமே தனியாக ஷட்டரைத் தூக்கினாள்.

வண்டிதான் வரவில்லை. டிரைவர்கள் எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லீங்களா?" என்பார்கள். செத்தது தெரிந்தே கேட்பார்கள். பொம்பளை கையில் வயரைக் கொடுப்பதா என்று அவர்களுக்குத் தயக்கம். எனக்கும் அதே எண்ணம்தான், பொய் சொல்வானேன்?

அந்தச் சமயத்தில் சுரேஷ்குமார் என்ற பையன் செல்போன் கடை வைக்க இடம் கேட்டு வந்தான். நான் கஸ்தூரியிடம், "தை பொறந்ததும் கடைய விட்டுடும்மா" என்றேன்.

"அதுக்குள்ள வண்டிங்க வந்துச்சின்னா?"

"வந்தா பாக்கலாம்."

கடை போனால் அவள் மகள் சினேகாவை அழைத்துக்கொண்டு போளூரில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே சோறு கிடைக்கும். தொழில் கிடைக்காது.

எனக்கு ஒரு வேன் உண்டு. தினமும் காலையில் வேங்கிக்கால் ஆபீஸ்களுக்குப் போகிற பெண்களை ஏற்றிச் செல்வேன். அதில் ஹீட்டர் என்று ஒரு குமிழ் இருந்தது. அண்ணாமலையார் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் ஒரு கேடா என்று அதைப் பல வருஷம் தொட்டதே இல்லை. அதன் அருமை கார்த்திகை மழையில்தான் தெரிந்தது. எட்டுப் பேர் மூச்சு விட்டால் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். அந்தக் குமிழைத் திருப்பி ஹீட்டர் ஃபேனைப் போட்டால்தான் ரோடு தெரியும். அந்த வருஷம் பார்த்து, ஃபேன் போட்டால் ஃப்யூஸ் எரிந்தது. மாற்றினால் மறுநாளும் எரிந்தது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவன் பெரிய ஃப்யூஸாகப் போட்டான், டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. மூன்று பேரும் ஃபேன் மோட்டார் போய்விட்டது என்றார்கள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கஸ்தூரியிடம் விட்டேன். நல்ல எண்ணத்தில் இல்லை. இவளும் தோற்கட்டும், மனசாட்சி உறுத்தாமல் காலி செய்யச் சொல்லலாம் என்ற எண்ணத்தில். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் மோட்டாரைக் கழற்றி, தனியாக பேட்டரியில் கொடுத்து ஓடவிட்டாள். காதருகே வைத்துக் கேட்டாள்.

"மோட்டாரு நல்லாத்தான் கீதுங்கண்ணா. இதுல கைய வெக்க வேணாம்."

மோட்டார் சுற்றுவதுதான் அவள் பிழைப்பு. கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை. எனக்குள் எங்கோ சுருக்கென்றது.

பிறகு ஃப்யூஸ் இருக்கிற இடத்தில், ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு வயரில் மாட்டினாள். மோட்டாரை மாட்டவே இல்லை.

"இது இன்னாம்மா?"

"ஃப்யூஸா போட்டு எரிச்சிட்டு இருந்தா எங்கன்னு தெரியாதுங்க. வயரு எங்கனா வண்டி பாடித் தகட்டுல பட்டா இந்த பல்பு பளிச்சினு எரியும். எரியறப்ப நம்ம கை எங்க கீதோ, கோளாறு அங்க."

சாவியைத் திருப்பினாள், ஃபேன் சுவிட்சைப் போட்டாள். பல்பு எரியவில்லை. அடியில் படுத்து ஒவ்வொரு வயராக ஆட்டினாள். எரியவில்லை. கதவை அடித்துச் சாத்தினாள். ம்ஹூம். இரண்டு மணி நேரம் போனது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு டிரைவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவள் நெற்றியில் கிரீஸ், உதடு மட்டும் இறுகியிருந்தது. கடைக்குள் சினேகா வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. வந்த எண்ணம் என்ன, இப்போது நினைப்பது என்ன! டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தினமும் எல்லா சுவிட்சும் போட்டு வண்டியை எடுக்கும்முன் செய்கிற மாதிரி டாஷ்போர்டு பிள்ளையாரின் காலைத் தொட்டேன். 'அப்பனே, இந்தப் பொண்ணுக்கு ஒரு வழியக் காட்டு.'

பல்பு பளிச்சென்று எரிந்தது.

கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எடுத்தேன், அணைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கஸ்தூரிக்கு அதெல்லாம் இல்லை.

"அண்ணா, இன்னொரு வாட்டி கும்புடுங்க."

தொட்டேன். எரிந்தது.

"இந்தப் பிள்ளையார எப்ப வெச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு. கோந்து போட்டா வெயில்ல கழண்டுக்குதுனு ஸ்குரு போட்டு..." சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

விரல் நீள ஸ்குரு. டாஷ்போர்டையும் அதன் கீழே தகட்டையும் துளைத்து, ஃபேன் வயரின் தோலை உரித்து நின்றிருந்தது. காலைத் தொட்டு அழுத்தும்போதெல்லாம் நுனி போய்க் கம்பியில் பட்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். நான் பிள்ளையாரையே வைத்துக் குரங்கானேன். தினமும் பயபக்தியோடு என் ஃப்யூஸை நானே எரித்திருக்கிறேன்!

சிரித்துக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருத்தன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான். "என் வண்டில ஹாரன் தானா அடிக்குதுக்கா, பாக்கறீங்களா?" என்றான். அக்கா! காலையில் அவன் வாயில் அந்த வார்த்தை இல்லை.

கஸ்தூரி வயரை மாற்றினாள், அதன் மேல் ரப்பர் குழாய் போட்டாள். சின்ன ஸ்குருவாகத் தேடிப் பிள்ளையாரை வேறு இடத்தில் உட்கார வைத்தாள். ஃபேன் ஓடியது. கையைத் துணியில் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"தை பொறந்தா விட்டுடணும் இல்லீங்களா?"

"எவன் சொன்னது?" என்று சத்தம் போட்டேன்.

சொன்னவனே நான்தான். அது அவளுக்கும் தெரியும். உள்ளே திரும்பி, "சினேகா, மாமாக்கு டீ சொல்லு" என்றாள்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. என் சாமான்களை ஒழித்து, சுரேஷ்குமாருக்குப் பக்கத்துக் கடையைக் கொடுத்தேன். அந்த மூன்று மெக்கானிக்குகளும் இப்போது வயரிங் கோளாறு என்றால் இங்கேதான் அனுப்புகிறார்கள். ஃப்யூஸ் எரிகிறது என்று யார் வந்தாலும் கஸ்தூரி பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான்:

"வண்டில எந்த சாமி கீது? எதால ஒட்டினீங்க?"