உப்புப் பொருக்கில் இறங்கிய குதிரை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. குதிரைப் பைத்தியம் பிடித்த எங்கள் ஊர் நண்பர்கள் சிலர், தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கடலோரமாகவே குதிரையில் போக இரண்டு நாள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். குதிரைகள் தொண்டிப் பக்கத்து முதலாளி ஒருவருடையவை. அவரிடம் வேலை பார்ப்பவர் வழிகாட்டியாக வருவார். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வரலாம் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. வாடிப்பட்டியில் என் கல்லூரி நண்பன் வீட்டில் இரண்டு குதிரைகள் உண்டு. ஐந்து வருஷம், ஞாயிறு தவறாமல் இருவரும் வைகை மணலில் ஓட்டியிருக்கிறோம். எங்கள் வைகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வருஷத்தில் பாதி நாள் அது மைதானம். தரை காய்ந்திருந்தால் தட்டிவிடலாம், ஈரமாக இருந்தால் பார்த்துப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாதம் டீக்கடையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவன் மாதிரி பீற்றிக்கொண்டேன்.

நாங்கள் ஆறு பேர், வாடிப்பட்டி நண்பனும் சேர்த்து. வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம், அவர் எங்களைத் தம்பி என்றார். புறப்படும்போது ஒன்றுதான் சொன்னார்.

"எங் குதிர கால் வச்ச எடத்துலதான் உங்க குதிரையும் கால் வைக்கணும் தம்பி. மத்தபடி பாட்டுப் பாடிக்கிட்டு வாங்க."

அலை ஓரத்து ஈர மணலில் எங்களைத் தாராளமாக ஓடவிட்டார். ஆனால் ஓடைகள் கடலில் சேரும் இடம் வந்தால் நிறுத்திவிடுவார். இறங்கி, செருப்பைக் கழற்றி, ஒரு கம்போடு வெறுங்காலில் அக்கரை வரை நடந்து பார்த்துத் திரும்பி வருவார். பிறகுதான் குதிரைகள் இறங்கும். முதல் நாள் மட்டும் நாலைந்து முறை இப்படி. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். எதிரே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு வெட்டவெளி. உப்புப் பூத்து, எலும்பாகக் காய்ந்து கிடந்தது. பாய் அதில் குதிரைகளை விடாமல், இறங்கி ஓரமாகக் கம்பை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, இம்புட்டுக் காஞ்ச தரைக்கு இந்தச் சோதனையா? தேர் இழுக்கிற மாதிரில்ல போறோம்" என்றான் நண்பன்.

"நீ பாத்துக்கிட்டே இரு" என்றேன். குதிகாலால் தட்டினேன். நான் ஏறியிருந்த செவலைப் பெண்குதிரை பாவம், சொன்னதைக் கேட்கும் ஜாதி. பாய்ந்தது.

"தம்பி, வேணாம்!" என்று பாய் கத்தியது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

ஐம்பது அடி கூடப் போயிருக்க மாட்டேன். அப்பளம் உடைகிற மாதிரி தரை உடைந்தது. மேலேதான் பொருக்கு, அடியில் முழுக்கக் கருஞ்சேறு. நான் தூக்கியெறியப்பட்டு மெத்தையில் விழுந்தவன் போல விழுந்தேன், கீறல் இல்லை. குதிரை முன்னங்கால்கள் இரண்டும் முட்டிக்கு மேல் புதைந்து, எழ முடியாமல் திமிறி அலறியது. அப்படியொரு சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

பாய் சேற்றில் நெஞ்சு பட ஊர்ந்து வந்தார். "அடி படலையே தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் பக்கத்துப் பனைகளுக்கு அடியில் கிடந்த ஓலைகளை இழுத்து வந்து போட, அவர் அவற்றைக் குதிரையின் காலடியில் திணித்துத் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று அதை வெளியே கொண்டுவர. இடது முன்னங்காலை அது தரையில் ஊன்றவில்லை.

அடுத்த ஊருக்கு நடந்தே போய்ச் சொல்லி அனுப்பினோம். மத்தியானம் முதலாளி ஜீப்பில் வந்தார். வீங்கிய காலைத் தடவிப் பார்த்தார். எழுந்து பாயிடம், "பொருக்குத் தரையில எறங்க வழி விட்டது யாரு?" என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். அதில் கோபமோ குற்றம் சாட்டலோ இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார், அவ்வளவுதான்.

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நண்பர்கள் சுற்றி நின்றார்கள். 'நன்றாக ஓட்டத் தெரிந்தவன்' என்று வந்தவன் நான். மதுரைக்குப் போனால் டீக்கடையில் சிரிப்பார்களே என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. குனிந்து கால்சட்டையில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினேன். மற்றவர்களும் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாந்தான் கவனிச்சிருக்கணும் மொதலாளி" என்றார் பாய்.

"இனிமே எங் குதிரைப் பக்கம் வராத" என்றார் முதலாளி. பாய் குதிரையின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு, சேறு காய்ந்த சட்டையோடு நடந்து போனார்.

பஸ்ஸில் வரும்போது நண்பன், "அந்தாளுக்கு வேல போச்சேடா" என்றான். "அவரே சொல்லிருக்கலாம்ல" என்றேன். சொன்ன எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

மனசு கேட்காமல், மூன்று மாதம் கழித்துத் தனியாகத் தொண்டிக்குப் போனேன். செவலை லாயத்தில் நின்றது. நடத்திக் காட்டச் சொன்னேன், நொண்டியது. முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். பாய் ஊரிலேயே இல்லையாம். குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார், யாருக்கும் இடம் தெரியவில்லை.

முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு வந்து சொன்னார்: "அன்னைக்கே சொல்லிருந்தீங்கன்னா, ஒங்கள நல்லா நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன் தம்பி. அம்புட்டுத்தான்."

நாலு திட்டு. அதை வாங்கிக்கொள்ளத் துணிச்சல் இல்லாமல்தான் ஒரு மனுஷனை அவர் குதிரைகளிடமிருந்து பிரித்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டதற்காக என்னை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். ஆனால், நான் பேசுவேன் என்று நம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாரே, அந்தப் பார்வைக்கு முன்னால் இன்றைக்கும் நான் குனிந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.