அறுத்துவிட்ட பாரை

தூண்டிலுக்குப் பருத்திக் கயிறு போய் நைலோன் தங்கூசி வந்த புதிது. கணவருடைய கூட்டாளிக்குக் காய்ச்சல் என்பதால் கொட்டியாரக் குடாவுக்குத் தோணியில் நான் துணை போனேன். துடுப்புப் போடுவதில் எந்த ஆம்பிளைக்கும் நான் குறைந்தவள் அல்ல.

பெரிய பாரை ஒன்று தூண்டிலில் மாட்டியது. பழைய பழக்கத்தில் இவர் தங்கூசியைக் கையில் சுற்றிவிட்டார். மீன் ஆழத்துக்கு இழுக்க, அந்த மெல்லிய இழை சதைக்குள் இறங்கியது.

“வெட்டடி! கை போகுது!”

கத்தி என்னிடம்தான் இருந்தது. அவ்வளவு பெரிய மீனை விட மனம் வரவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோ, அது களைச்சிடும்” என்றேன்.

அடுத்தவர் தங்கூசியில் கத்தி வைப்பது எங்கள் கடலில் பெரிய குற்றம். ஆனாலும் பக்கத்துத் தோணியில் நின்ற கிண்ணியா ஊர் முஸ்லிம் காக்கா ஒருவர் நெருங்கி வந்து, ஒரே வெட்டில் அதை அறுத்துவிட்டார்.

“ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?” என்று கத்தினேன்.

“பிறகு ஏசுங்க தங்கச்சி. முதல்ல அந்தக் கையைக் கட்டுங்க” என்று தன் தலைத்துண்டைக் கழற்றித் தந்தார். அதையும் கோபத்தோடுதான் வாங்கினேன். நன்றி சொல்லவில்லை.

விரல்கள் தப்பின. நான் வெட்டாமல் நின்றதைப் பற்றி இவர் ஒருநாளும் கதைத்ததில்லை. யாருக்கும் தலை குனியாதவள் என்றுதான் ஊரில் எனக்குப் பெயர். ஆனால் இவர் சோறு பிசையும்போது அந்தக் கையை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்றும் ஏலாது.